பூவாடைக்காரியின் இடுக்கி

கழுத்தில் மஞ்சள் கயிற்றின் ஈரம் காயாத அன்றே அந்த இடுக்கியை நான் விழுந்து கும்பிட்டேன். அது என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. கும்பிடச் சொன்னார்கள், கும்பிட்டேன். நெற்றியைத் தரையிலிருந்து எடுக்கும்போது பார்க்கிறேன், மணைப்பலகையில் மடித்து வைத்த புதுப்புடவை, அதன்மேல் கண்ணாடி வளையல், ஒரு முழம் கதம்பம், பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டு ஒரு கறுத்த இரும்பு. புடவை உறுத்தவில்லை. வளையல் உறுத்தவில்லை. அந்த இரும்பு உறுத்தியது.

நான் இரண்டாந்தாரம். பிறந்தது பெரம்பலூருக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில். வாழ்க்கைப்பட்டது கீழப்பழுவூர்ப் பக்கம், ஏரித் தண்ணீரும் நெல்லுமாக இருந்த ஒரு வீட்டில். அங்கே எனக்கு முன்னால் ஒருத்தி வாழ்ந்து, பிள்ளை பெறாமல், ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போயிருந்தாள். ஆண்டிமடத்துப் பெண், முந்திரிக்காட்டுக்காரி. பூவும் பொட்டுமாகப் போனவள் என்பதால் எங்கள் பக்கத்து வழக்கப்படி அவள் பூவாடைக்காரி ஆனாள், வீட்டுக்குத் தெய்வமானாள். கல்யாணமோ காதுகுத்தோ, எந்த நல்ல காரியத்துக்கும் முதல் படையல் அவளுக்குத்தான். அவளுக்கென்று புதுப்புடவை எடுத்துப் படைத்து, அவளுடைய மரப்பெட்டியில் வைப்பார்கள். அடுத்த காரியத்துக்கு வேறு புடவை வந்ததும் பெட்டியில் இருப்பதை வீட்டுச் சுமங்கலி எடுத்து உடுத்திக்கொள்ள வேண்டும்.

அந்த வீட்டுச் சுமங்கலி நான். ஆகையால் நல்ல நாளிலெல்லாம் நான் அவள் புடவையில் நின்றேன்.

யுத்த காலம் அது. சீமெண்ணெய்க்குக் கியூ, துணிக்குக் கியூ. உயிரோடு நடமாடுகிற நான் கிழிந்த ரவிக்கைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். செத்தவளுக்கு மட்டும் எங்கிருந்தோ சரிகைக்கரை போட்ட புடவை வந்து சேரும். மடிப்புக் கலையாமல், கஞ்சி வாசம் போகாமல் பெட்டிக்குள் படுத்துக்கிடக்கும். நான் அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். உட்கார முடியாது எனக்கு, அப்போதும் சரி இப்போதும் சரி. நடக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம், நீ மட்டும் கசங்காமல் இருடி, என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

புடவையைப் பற்றியாவது புரிந்தது. அந்த இரும்பைப் பற்றி ஒன்றும் புரியவில்லை. இடுக்கி என்று சொன்னோமே தவிர அது அடுப்படி இடுக்கி இல்லை. இரண்டு கைகள், கைகள் சேரும் இடத்தில் ஓர் ஆணி, ஆணிக்கு அப்பால் வாத்தின் மூக்கு மாதிரி தடித்த இரண்டு அலகு. அலகைத் திறந்தால் இரண்டு பக்கமும் பாதிச் சுண்டைக்காய் உட்காரும் அளவுக்குக் குழி. மூடினால் இரண்டு பாதியும் சேர்ந்து உள்ளே ஓர் உருண்டை இருட்டு. அந்த இருட்டுக்குள் போக உச்சியில் மிளகு நுழைகிற துளை. துளைக்கு மேலே, பக்கவாட்டில் நகர்கிற ஒரு தட்டை நாக்கு. அதைச் செய்தவனுக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. பார்க்கிற எனக்குத்தான் தெரியவில்லை.

ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே அவரிடம் கேட்டேன்.

"ஏங்க, அந்தப் படையல் இடுக்கி என்னாதுங்க?"

"தெரியாது."

"அவங்க கொண்டாந்ததா?"

"தெரியாது. அவ பொட்டியில இருந்துச்சு."

"அவங்க அத வச்சிக்கிட்டு என்ன செய்வாங்க?"

என் வீட்டுக்காரர் பேச்சைச் சிக்கனமாகச் செலவு செய்கிறவர். குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"தொறந்து தொறந்து மூடிக்கிட்டு உக்காந்திருப்பா. டக்கு டக்குன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். காச்சல்ல கெடந்தப்பக்கூட கையிலதான் இருந்துச்சு."

சொல்லிவிட்டு மோருக்குக் கை நீட்டினார். எனக்கு மோர்ச்சட்டி கைக்கு வரவில்லை. அவள் உட்கார்ந்த தோரணை, கையிலிருந்த பொருள், எழுந்த சத்தம் எல்லாம் இந்த மனிதருக்கு நினைவிருக்கிறது. நான் காலையில் என்ன நிறச் சேலை கட்டியிருந்தேன் என்று கேட்டால் சாயங்காலம் முழிக்கிறவர் இவர். அவள் சத்தத்தை மட்டும் காதுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். டக்கு. டக்கு. அன்றிலிருந்து அந்தச் சத்தம் எனக்கும் கேட்க ஆரம்பித்துவிட்டது.

என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். அதற்கு முதல் நாள் சாயங்காலம் பூவாடைக்காரி படையல். படையலை நடத்துகிறவள் என் நாத்தனார், அவருக்கு மூத்தவள். அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டிருந்தாள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷி, வாய் மட்டும் அரிவாள்மணை. காதுகுத்துக்குச் சில வாரம் முன்னாலேயே அவளிடம் போய் நின்றேன்.

"அண்ணி, பொடவ இருக்கட்டும், வளையல் இருக்கட்டும். அந்த இரும்ப மட்டும் இந்தத் தடவ எடுத்துருவமா?"

"ஏன், ஒன்னயக் கடிச்சிச்சா?"

"என்னான்னே தெரியாத பொருளுக்கு எதுக்கு அண்ணி பூவும் பொட்டும்?"

"அவ பொட்டியில இருந்துச்சு. போறப்ப அவ கையில இருந்துச்சு. அவ புருசன் அவ கையிலேருந்து எடுத்துப் பலகையில வச்சான். அத எடுக்க நாம யாரு?"

அவ புருசன் என்றாள். அப்படியானால் எனக்கு அவர் யாராம்? என் முகம் போன போக்கைப் பார்த்து அவளே கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"இந்தா, அழுதுபுடாத. அது இன்னதுன்னு நீ கண்டுபுடிச்சுக் கொண்டா. அவளுது இல்லன்னு ஆச்சுன்னா நானே பலகையிலேருந்து எடுத்துடறேன். என்னான்னு தெரியாம எடுக்க மாட்டேன். தெய்வக்குத்தம்."

எனக்கு அது போதும். என் மகள் காதில் துளை விழுவதற்குள் அந்த இரும்பு என்னவென்று தெரிந்துவிட வேண்டும். தெரிந்தால் அந்தப் பலகையில் ஓர் இடம் காலியாகும். எனக்கு வேண்டியது அந்த இடம்தான்.

அரியலூர்ச் சந்தைக்குக் காதுகுத்துச் சாமான் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினேன். பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, ஊதி ஊதி ஓட்டினார்கள். ஏற்றம் வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். மற்றவர்கள் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். நான் சந்தோஷமாக நடந்தேன். கையில் மஞ்சள்பை, பைக்குள் இடுக்கி, அசையும்போதெல்லாம் டக்கு.

முதலில் வெற்றிலைக் கடை. கடைக்காரர் இடுக்கியை வாங்கி ஒரு கொட்டைப்பாக்கைக் குழியில் வைத்து நெரித்தார். பாக்கு தெறித்து எதிர்க்கடைப் புளிமூட்டையில் போய் ஒளிந்துகொண்டது.

"பாக்குவெட்டிதாம்மா. சந்தேகமே இல்ல."

"பாக்கு வெட்டுப்படலியே?"

"நம்ம பாக்குக்கு இல்லம்மா இது. வேற ஊருப் பாக்கு. சின்னப் பாக்கு."

அவர் சொன்னது பொய் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் அந்தக் கணம் அவள் என் முன்னால் வெற்றிலை போட்டாள். உதடு சிவக்கச் சிரித்தாள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். எனக்கு வெற்றிலை ஆகாது, நாக்கு வெந்துவிடும். கடையை விட்டு நகர்ந்தேன்.

அடுத்தவர் நாட்டு வைத்தியர். கோயில் தெருவில் வேர்களும் சூரணமுமாக உட்கார்ந்திருந்தார். இடுக்கியை மூக்குக்கு நேராகப் பிடித்து, துளை வழியாக வானத்தைப் பார்த்தார்.

"குளிகை அச்சு. மருந்த அரைச்சு உள்ள வச்சு அமுக்கினா உருண்டையா வரும்."

"இவ்ளோ பெரிய குளிகையாங்க? தொண்டையில எறங்குமா?"

"பெரிய வியாதிக்குப் பெரிய குளிகை."

"என்ன வியாதிங்க?"

"எத்தனையோ. கொழந்த இல்லாதவங்கதான் நெறைய வருவாங்க."

அவளுக்கு என் வீட்டுக்காரர் மருந்து அரைத்துக் கொடுத்திருக்கிறார். குனிந்து, அம்மியில், அந்தக் கையால். அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருக்கிறாள். அவர் தண்ணீர்ச்செம்போடு பக்கத்தில் நின்றிருக்கிறார். எனக்குப் பிள்ளை கேட்காமலே வந்தது. அதனால்தான் எனக்கு யாரும் எதையும் அரைத்துக் கொடுக்கவில்லை. வாந்தி எடுத்தபோது கூட நானே போய்க் கிணற்றடியில் வாயைக் கொப்பளித்தேன்.

தெருவில் நடந்தபோது ஒன்று புரிந்தது. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவள் புதிதாகப் பிறந்து வருகிறாள். வெற்றிலைக் கடையில் சிரிப்புக்காரி, வைத்தியரிடம் நோயாளி. எனக்கு ஒரு சக்களத்தி போதாதென்று இந்தச் சந்தை முழுக்கச் சக்களத்திகள் எழுந்து வருகிறார்கள். வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். கால் திரும்பவில்லை. நகைக்கடைத் தெருவுக்குள் போனது.

பத்தர் ஒருவர் குமுட்டி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். பையிலிருந்து இடுக்கியை எடுத்து வைத்ததும் ஊதுவதை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது மறுபடியும் வந்துருச்சா?"

"மறுபடியுமா?"

"முன்னாடி ஒரு அம்மா கொண்டாந்தாங்க. இதே சாமான். ஆண்டிமடத்துப் பேச்சு, நெத்தி நெறையப் பொட்டு. ஒக்காருங்கன்னா ஒக்காராம நின்னுக்கிட்டே பேசுனாங்க, ஒங்களாட்டம்."

நான் உட்கார்ந்தேன்.

"என்ன கேட்டாங்க பத்தரே?"

"இது எந்தப் பொம்பள சாமான்னு கேட்டாங்க. புகுந்த வூட்டுல துணி வச்சுக்கச் சொல்லி ஒரு பொட்டி குடுத்தாங்களாம். தொறந்து பாத்தா அடியில இது கெடந்துச்சாம். தனக்கு முன்னாடி அந்த வூட்டுல எவளோ ஒருத்தி இருந்திருக்கா, மறைக்கிறாங்கன்னு அவங்களுக்கு ஒரே நெனப்பு. நானும் தெரியாத்தனமா, இது பொன்மணி வார்க்கிற அச்சும்மா, வசதியான பொம்பளையாத்தான் இருந்திருப்பாங்கன்னுட்டேன். பொலபொலன்னு அழுதுட்டாங்க."

"அப்பறம்?"

"அழுதுக்கிட்டே இத வாங்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாங்க. 'பொன்னு வார்த்தா ஒரு துளியாவது மஞ்சளா ஒட்டியிருக்காதா பத்தரே? கருகருன்னுல்ல ஒட்டியிருக்கு'ன்னாங்க. அப்பறந்தான் நானும் சொரண்டிப் பாத்தேன். ஈயம்."

நான் அவசரமாக அலகைத் திறந்து பார்த்தேன். குழி பளபளவென்று இருந்தது. பத்தர் குனிந்து முகர்ந்துவிட்டுச் சிரித்தார்.

"இப்ப எங்க இருக்கும்? சந்தனமுல்ல மணக்குது. தேய் தேய்னு தேச்சிருக்கீங்க."

படையலுக்குப் படையல் புளி போட்டுத் துலக்கியது நான். அவள் கண்டுவைத்த ஒரே தடயத்தை அவளைக் கும்பிட்டே அழித்திருக்கிறேன்.

"கடைசியில கண்டுபுடிச்சாங்களா?"

"தெரியல. திரும்பி வரேன்னு போனாங்க. வரல. அவங்க ஒங்களுக்கு என்ன ஒறவு?"

எனக்கு அவள் என்ன உறவு என்று சொல்ல ஒரு சொல் இருக்கிறது. வாயில் வரவில்லை. "அக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

பஸ் கரிப்புகையில் இருமிக்கொண்டு போயிற்று. ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நான் கொதித்தேன். யார் சாமான் என்று கேட்டுக்கொண்டு சந்தைத் தெருவில் அலைந்த முதல் பைத்தியம் நான்தான் என்று எண்ணியிருந்தேனே, அதுவும் இல்லை. புடவை அவளுடையது, பெட்டி அவளுடையது, புருஷன் அவளுடையவன், இப்போது பார்த்தால் என் பொறாமையும் அவள் உடுத்திக் கழற்றியதுதான். அதிலும் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அழுகிற கண்ணால் ஈயக்கறையைப் பார்த்திருக்கிறாள். நான் அழாத கண்ணால் எதைப் பார்த்தேன்?

பிறகு இன்னொன்று தோன்றியது. அவளுக்கு முன்னால் அந்த வீட்டில் யாருமே இல்லை. இல்லாத ஒருத்தியை நினைத்து, திறந்து திறந்து மூடிக்கொண்டு, டக்கு டக்கென்று காய்ச்சலிலும் கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள். எனக்காவது அவள் இருந்தாள். அவளுக்கு யார் இருந்தார்கள்?

பாவம் என்று நினைக்கலாம்தான். நான் நினைக்கவில்லை. அவள் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். முதல் தடவையாக அவளை முந்த ஓர் இடம் கிடைத்திருந்தது.

பத்தர் சொன்னதை அண்ணியிடம் சொல்லியிருந்தால் அன்றே இடுக்கியைப் பலகையிலிருந்து எடுக்க வைத்திருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைப்பாள், அடி பாவி மகளே, இதுக்கா அலைஞ்ச என்பாள், செத்தவளுக்கு இன்னும் ஒரு முழம் பூ ஏறும். மேலும் அண்ணி கேட்டது, அது என்ன என்றுதான். அது எனக்கே தெரிய வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, தைக்கிற நூலுக்குத் தேய்க்க வைத்திருந்த தேன்மெழுகை இரும்புக் கரண்டியில் போட்டு உருக்கினேன். ஈயம் உருகுகிற சங்கதி. பொன்னும் உருகுகிற சங்கதி. அப்படியானால் அந்தத் துளை எதையோ உருக்கி ஊற்றுவதற்கு. ஊற்றினேன். வழிந்தது. ஆறும்வரை நடந்தேன், அடுப்படியிலிருந்து வாசல், வாசலிலிருந்து அடுப்படி. ஆறியதும் அந்தத் தட்டை நாக்கைக் கட்டை விரலால் தள்ளினேன். துளைக்கு மேலே நின்ற வாலைக் கச்சிதமாக நறுக்கித் தள்ளியது. ஓகோ, நீ அதற்குத்தானா! அலகைத் திறந்தேன்.

மஞ்சளாக ஓர் உருண்டை உள்ளங்கையில் விழுந்தது. வெதுவெதுப்பாக, ஒரு பக்கம் தூக்கலில்லாமல், ஒரு பக்கம் தாழ்வில்லாமல். நான் பிடித்த கொழுக்கட்டைகூட அத்தனை ஒழுங்காக வந்ததில்லை. இத்தனை காலம் அந்த இரும்பு தனக்குள்ளே வைத்திருந்த இருட்டின் அளவு அது. அவள் இதைப் பார்த்ததில்லை. நான் பார்த்துவிட்டேன்.

ஆனால் ஈயத்தில் உருண்டை எதற்கு? மீன்வலைக்குக் கட்டுவதா? அதற்குக் கயிறு கோக்கத் துளை வேண்டுமே. உருண்டையைச் சுவரில் விளக்கு மாடத்தில் வைத்தேன். போகும்போதும் வரும்போதும் அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

படையல் நாளன்று காலை என் அண்ணன் வந்து சேர்ந்தான். தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார்த்திக் காது குத்துவார்கள். மாமன் சீர் இல்லாமல் காதுகுத்து இல்லை. வாழைத்தார், பட்டுப்பாவாடை, வெல்லமும் தேங்காயும் எல்லாம் வண்டியிலிருந்து இறங்கின. என் வீட்டுக்காரரும் அண்ணியும் வரவேற்று உட்கார வைத்தார்கள். அவன் தண்ணீர் குடித்துவிட்டு, செம்பை வைக்க இடம் தேடி, மாடத்தைப் பார்த்தான்.

"என்னா பாப்பா, மெழுகுல பண்ணி வச்சிருக்க? இதால எந்தப் பன்னிய அடிக்கப் போற?"

"பன்னியா?"

"பன்னிதான். வேற எதுக்கு இந்த சைசு? காடைக்கா?"

நான் உள்ளே ஓடி இடுக்கியைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டேன். குங்குமமும் காய்ந்த சந்தனமுமாக இருந்ததை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அடேயப்பா, பழைய சாமான்! துப்பாக்கிக் குண்டு வார்க்கிற அச்சு. ஈயத்தக் காச்சி ஊத்தி, ஆறுனதும் தட்டி எடுக்கறது. நம்ம வூட்டுலதான் இருக்கே."

"நம்ம வூட்லயா? நான் பாத்ததே இல்லியே!"

"எப்படிப் பாப்ப? குண்டு வார்க்கிற அன்னிக்குப் பொம்பள கண்ணு பட்டா குறி தப்பும்னு ஒங்களையெல்லாம் கெணத்து மேட்டுக்குத் தொரத்திடுவோம்ல? எதுக்குத் தொரத்துறாங்கன்னு நெனச்ச?"

துணி துவைக்க என்று நினைத்தேன். சின்ன வயசெல்லாம், ஆண்கள் கொல்லையில் கூடும் நாளில் எங்களுக்கு மட்டும் ஏன் அத்தனை அழுக்குத் துணி சேருகிறது என்று நினைத்தேன்.

அடிவாரத்தில் காட்டுப்பன்றி வரும். கம்பங்கொல்லையை ஒரே ராத்திரியில் உழுதுபோட்டுவிடும். அதற்காக என் பிறந்த வீட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி உண்டு. இந்தப் பக்கம் ஏரியும் வயலும்; துப்பாக்கியை யார் பார்த்தார்கள்? நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார்.

"பாட்டன் காலத்துல துப்பாக்கி இருந்துச்சும்பாங்க. போலீசுக் கச்சேரியில வாங்கி வச்சுக்கிட்டாங்களாம். அந்தப் பொட்டிகூடப் பாட்டன் பொட்டிதான்."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"பொட்டி யாருதுன்னு நீ கேக்கல. இடுக்கி யாருதுன்னுதான் கேட்ட."

அண்ணி இரண்டு கன்னத்திலும் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யய்யோ, பன்னி சுடற சாமானுக்கா இத்தன வருசமா சூடம் காட்டுனோம்?"

என் அண்ணனுக்கு அப்போதுதான் குங்குமம் எதற்கென்று விளங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பொம்பள கண்ணு பட்டாலே குறி தப்பும். நீங்க கண்ணும் பட்டு, பொட்டும் வச்சு, தேங்காயும் ஒடச்சிருக்கீங்க. இனிமே இதுல வார்த்த குண்டு பன்னியப் பாத்தா கும்புட்டுட்டுத் திரும்பி வந்துரும்!"

அண்ணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அதையும் அந்த இரும்புதான் வாங்கிக் கொடுத்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சந்தோஷம் வந்தது, கூர்மையாக, முள் குத்துகிற மாதிரி. இது அவளுடையது இல்லை. முந்திரிக்காட்டுக்காரி ஆயுசுக்கும் அலைந்தாலும் இது அவளுக்குத் தெரிந்திருக்காது. என் ஊரில், என் வீட்டுக் கொல்லையில் கிடக்கிற பொருள் இது. விடை என் பிறந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது, கிணற்று மேட்டுக்குத் துரத்தாமல் இருந்திருந்தால்.

சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் படையல் போட்டார்கள். அண்ணி சொன்ன சொல் மாறாதவள். பெட்டியிலிருந்த புடவையை எடுத்து என் கையில் கொடுத்தாள். புதுசைப் பலகையில் வைத்தாள், வளையல் வைத்தாள், பூ வைத்தாள். இடுக்கியை வைக்கவில்லை. பலகையில் அது இருந்த இடத்தில் சந்தனம் ஊறி ஊறி, வழுக்கலாக ஒரு மஞ்சள் தடம். நான் கேட்ட காலி இடம் அதுதான். கிடைத்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை.

"அவளுக்குப் புடிச்சது ஏதாவது ஒண்ணு வைக்கணுமே" என்றாள் அண்ணி. "இத்தன நாளா அது இருந்துச்சு. இப்ப என்னத்த வைக்கிறது? முந்திரிப் பருப்பு வைக்கலாமா?"

"முந்திரி வேணாம்" என்றார் என் வீட்டுக்காரர். "அவளுக்கு ஆகாது. சின்னதுலேருந்து கொட்டை ஒடச்சு, எண்ணெ பட்டுக் கையெல்லாம் வெந்துபோனவ. கண்டாலே மொகத்தத் திருப்பிக்குவா."

மறுபடியும் ஒரு குத்து. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வது வரைக்கும் இவருக்குத் தெரியும். அவளுக்கு எது பிடிக்கும் என்று மட்டும் தெரியவில்லை. அண்ணிக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்: அதிரசம், மரிக்கொழுந்து, மொச்சைக்கொட்டை. ஒன்றும் நிற்கவில்லை. அவள் எதற்காக ஆசைப்பட்டாள் என்பது அந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். கரி பஸ்ஸில் ஏறி, நகைக்கடைத் தெருவரைக்கும் நடந்து போய்த் தெரிந்துகொண்டது நான்.

மாடத்துக்குப் போனேன். மெழுகு உருண்டையை எடுத்துவந்து அந்த மஞ்சள் தடத்தில் வைத்தேன். குனிந்தபோது, யார் காதிலும் விழாமல் அவளுக்குச் சொன்னேன்: பன்றி சுடுகிற குண்டுக்கு அச்சு. உனக்கு முன்னால் எவளும் இல்லை. நான்தான் கண்டுபிடித்தேன். நீ இல்லை, நான்.

பெருமையாகத்தான் சொன்னேன். அவளுக்கு எப்படிக் கேட்டதோ.

"என்னாது அது?" என்றார் என் வீட்டுக்காரர், என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"அவங்க கேட்டது."

"அவ என்ன கேட்டா? எப்ப கேட்டா?"

"ஒங்ககிட்ட கேக்கல."

அவளைப் பற்றி ஒரு விஷயம் எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. பிறகு பல தடவை கேட்டுப் பார்த்தார். நான் சொல்லவில்லை. சூடத்தின் வெக்கையில் உருண்டை ஒரு பக்கம் லேசாக இளகிப் பலகையோடு ஒட்டிக்கொண்டது. அதை அண்ணி கத்தியால் சுரண்டப் போனாள். இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் காது குத்தி முடித்து வண்டி ஏறும்போது என் அண்ணன் இடுக்கியைக் கேட்டான். நல்ல இரும்பு, பொட்டை அழித்துவிட்டால் பன்றிக்கு ஆகும் என்றான். தர மாட்டேன் என்றேன். அது இப்போது என் டிரங்குப் பெட்டியில், என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. சில மத்தியானங்களில், நடந்து நடந்து கால் சலித்தபோது, எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். திறப்பேன், மூடுவேன்.

நேற்றும் அப்படித்தான். கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"அவளும் இப்படித்தான்…"

"தெரியும்" என்றேன். இன்னொரு தடவை மூடினேன், கொஞ்சம் பலமாகவே.